மூணு மடங்கு ரேட்

"கீழ நிக்கும்போது ஆறாயிரம். ஏணியில ஏறி இறங்கினதும் பதினெட்டாயிரமா? அஞ்சு நிமிஷத்துல என் வேலி மூணு மடங்கு வளர்ந்துடுச்சா?"

வேலி வெட்ட வந்தவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். துணியை அளவு தப்பாக வெட்டிவிட்டு நானே அப்படி முழித்திருக்கிறேன். எனக்குத் தெரியாதா அந்த முழி?

நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார். கம்பு வைத்து உயரம் பார்த்தார், பன்னிரண்டடி. எட்டு வைத்து நீளம் அளந்தார். கிளையை விலக்கி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்தார்.

"நாலடிக்கு இறக்கினாலும் துளிர்க்கும்மா. வெட்டின கிளையெல்லாம் நானே வண்டியில ஏத்திக்கிறேன். ஆறாயிரம் கொடுங்க. எதுக்கும் மேல குருவிக்கூடு இருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."

நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். என் தையல் மிஷின் இருக்கிற பின்ரூமில் இந்த வேலியால் பட்டப்பகலிலேயே இருட்டு. ஊசியில் நூல் கோர்க்க வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கண் டாக்டர், "வெளிச்சத்துல தைங்க, இல்லேன்னா தைக்கிறதையே விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். விட்டுவிட்டு என்ன செய்வது? இந்த வீடு ஓடுவதே அந்த மிஷினில்தான்.

"சரி, கூடு இருந்துச்சா?" என்றேன்.

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு ரேட் ஏறுது?"

"தண்டு முத்திப் போச்சும்மா. கூட ரெண்டு ஆள் வேணும்."

"விரல் தண்டி இருக்கு, அதுக்கு ரெண்டு ஆளா?"

என் வீட்டுக்காரர் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். "மெதுவாப் பேசேன்."

"என்னத்த மெதுவா? அந்த ஆள் மேல நின்னுக்கிட்டு அந்தப் பக்கம் யாருக்கோ தலையாட்டினதை என் கண்ணால பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க கைக்குள்ள போட்டுட்டாங்க. வேலி இறங்கினா அவங்களுக்கு ஆகாது."

"அவங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அதான் எனக்கும் தெரியணும். மூணு மாசமா அந்த வீட்டு டிரில் மாஸ்டர் வெளியே தலைகாட்டினாரா? எப்பப் போய் மணி அடிச்சாலும் அவர் சம்சாரம், அந்தம்மா, பாதிக் கதவைத் திறந்து, 'சார் தூங்கறார்'ங்கிறாங்க. வேலியை நாலடிக்கு இறக்கப்போறோம்னு சொன்னேன். அவங்க முகத்துல ஈயாடலை. உள்ள என்னமோ நடக்குது!"

"சரி, நானே ஏறிப் பார்க்கிறேன், போதுமா?" என்று போனார்.

ஏறினார். எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றார். இறங்கி வரும்போது குரலே மாறியிருந்தது.

"அவர் சொல்ற ரேட் சரிதான். நமக்குக் கட்டாது. விட்டுடலாம்."

சட்டைக்கு ஒரு பட்டன் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற மனுஷன் இவர்!

"அடப்பாவமே! உங்களையும் வளைச்சுட்டாங்களா?"

"ஏய், வேண்டாம்... உனக்கு முட்டி வலி..."

யார் கேட்டது? செருப்பை உதறிவிட்டு ஏணியில் ஏறிவிட்டேன்.

பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் இரண்டு கம்பத்துக்கு நடுவே கயிறு கட்டியிருந்தது. டிரில் மாஸ்டர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடது கையால் கயிற்றைப் பிடித்து நின்றார். வலது கை தொங்கிக் கிடந்தது. அந்தம்மா பின்னாலிருந்து அவர் பெல்ட்டைப் பிடித்திருந்தார்.

"லெஃப்ட்..." என்று தனக்குத்தானே சொல்லி ஒரு எட்டு வைத்தார். வார்த்தை குழறியது. "ரைட்..." வலது கால் வரவில்லை. அப்படியே சரிந்து மண்ணில் விழுந்தார்.

நான் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தம்மா அவரைத் தூக்கி நிறுத்தினார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். வாயில் விரலை வைத்தார். பிறகு சத்தமில்லாமல் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

மைதானம் முழுக்கப் பிள்ளைகளை விறைப்பாக நிற்க வைத்த மனுஷன். அக்கம்பக்கம் பார்க்கிறது என்று தெரிந்தால் நாளைக்கு அந்தக் கயிற்றைத் தொடுவாரா?

"லெஃப்ட்..." மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

தலையாட்டிவிட்டு இறங்கினேன். இவர்களைப் போய் என்னென்ன பேசிவிட்டேன்!

வேலி வெட்ட வந்தவர் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார். "என்னையும் கும்பிட்டாங்கம்மா. உங்ககிட்ட விஷயத்தைச் சொல்லவும் மனசு வரலை. அதான் வாய்க்கு வந்த ரேட்டைச் சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

ஒரு நாள் கூலியைத் தொலைத்துவிட்டு, என்னிடம் திட்டும் வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

பின்ரூம் ஜன்னலைப் பார்த்தேன். மிஷினை முன்ரூமுக்குத் தள்ளினால் வாசல் கதவு பாதிதான் திறக்கும். திறந்தவரைக்கும் போதும்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க" என்று அவரிடம் ரகசியமாகச் சொன்னேன். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, அடுத்த வீட்டுக்கு நன்றாகக் கேட்கும்படி கத்தினேன்:

"பதினெட்டாயிரமா? என்னய்யா அநியாயமா இருக்கு! இந்த வேலியை நான் வெட்டப்போறதே இல்லை, கிளம்புங்க!"