திரையின் கீழே ஒரு வரி

டிவியோடு இணைத்திருக்கும் வீட்டுக் கணினிக்குப் புது அப்டேட் வந்திருந்தது. மாலைக் கணினி வகுப்பில் சொல்லித்தந்த வரிசை மாறாமல் செய்தேன். ஆனாலும் பயம்தான்.

"போன தடவ நீ கை வெச்சு மேட்ச்சே போச்சு. இப்ப என்ன போகப்போகுதோ" என்றார் அப்பா.

சரிபார்க்கப் பழைய வீடியோ ஒன்றை ஓடவிட்டேன். மூன்று வயது தமயந்தி அக்கா, வாசலில் பெய்யும் மழையைக் காட்டி ஏதோ சொல்கிறாள். அதற்குச் சில மாதங்களில், நான் பிறக்குமுன்பே, ஒரு காய்ச்சலில் அவளுக்குக் காது போனது, பேச்சும் நின்றது. அவளுக்குக் கேட்காததை நாங்களும் கேட்பதில்லை என்று, வீட்டு வீடியோக்களை ஒலியை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்போம். அந்த உதடுகள் என்ன சொல்கின்றன என்று அக்கா சைகையில் கேட்கும்போதெல்லாம் அப்பா எழுந்து போய்விடுவார்.

திரையின் கீழே எழுத்துகள் தோன்றின. எதையோ கெடுத்துவிட்டேன் என்று ரிமோட்டை எடுத்தேன். பக்கத்திலிருந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரையைக் காட்டினாள்.

"அப்பா, மழைய உள்ள கூப்புடு. நனையுது பாரு."

புது அப்டேட் பேச்சை எழுத்தாக்குகிறது; ஒலியை நிறுத்தியிருந்தும் கணினிக்கு அது கேட்டிருந்தது. அக்கா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். நானா?

"நீதாம்மா. வாயே ஓயாது ஒனக்கு" என்றார் அப்பா, அவளுக்குக் கேட்காது என்பதை மறந்து.

அக்கா ரிமோட்டை வாங்கி, வீடியோவை முதலிலிருந்து வைத்து, ஒலியைக் கூட்டினாள். அறைக்குள் ஒரு குழந்தையின் குரல் வந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.