ஓங்கிய நிலை

முதல் அடியிலேயே பெலிக்ஸின் முழங்கால் உடைந்துவிட்டது. பந்து இருக்க வேண்டிய இடத்தில் இப்போது அவர் தலை கிடந்தது.

"நாலு பேர் முன்னாடி என்னப் பாத்து சிரிச்சேல்ல" என்றபடி தனபாலன் கோல்ஃப் மட்டையை மறுபடியும் ஓங்கினார்.

ஆறு மாதமாக அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர் பெலிக்ஸ். புல்லில் கிடந்தபடியே அண்ணாந்து பார்த்தார். தனபாலனிடம் அதே பழைய தப்பு. இடது கை மடங்கியிருந்தது, வலது முழங்கை கோழி இறக்கைபோல வெளியே துருத்திக்கொண்டிருந்தது. இங்கிருந்து இறங்கும் மட்டை காதை உரசிக்கொண்டு போய்விடும். வாயை மூடிக்கொண்டு கிடந்தால் போதும்.

"முழங்கைய உள்ள கொண்டாங்க சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆறு மாதத்தில் முதல்முறையாக, பெலிக்ஸ் சொன்னதைத் தனபாலன் கேட்டார். முழங்கை உள்ளே வந்தது. இடது கை நீண்டது. இடது தோள் திரும்பித் தாடைக்குக் கீழே வந்து நின்றது. தலைக்கு மேலே மட்டை, பெலிக்ஸ் தினமும் கெஞ்சிக் கேட்டதுபோல, ஒரு மூச்சு நேரம் அசையாமல் இருந்தது.

"இப்ப சரியா இருக்கா?"

இவ்வளவு அழகாக அவர் ஓங்கி பெலிக்ஸ் பார்த்ததே இல்லை.

"இருக்கு சார்" என்றார்.