தவணை வளை

வயல் வரப்பில் செம்பாயி என்றோர் இளம் எலி இருந்தாள். பெருச்சாளியிடம் தவணைக்கு வளை வாங்கியிருந்தாள்; மாதம் பத்துக் கதிர், இருபது வருடம். எலியின் ஆயுளே இரண்டு வருடம்தான் என்பதைப் பெருச்சாளி சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. தவணை போக மிஞ்சியதை ஏழு குட்டிகள் தின்றன. சேமிப்புக்கென்று தோண்டிய அறையில் அவை ஒளிந்து விளையாடின.

பக்கத்து வளை நல்லம்மாவுக்கு மாமியார் விட்டுப்போனது. அங்கே நெல் கூரையை முட்டியது.

"போன அறுப்பு நெல்லே தீரலை செம்பாயி. புழுங்கின வாடை தாங்கலை" என்று நல்லம்மா அலுத்துக்கொள்வாள்.

"உங்களுக்கென்னக்கா, வாடைகூட வசதியாத்தான் வருது" என்பாள் செம்பாயி. அன்று முழுக்க வயிறு எரியும். குட்டிகளைக் காரணமில்லாமல் கடிவாள்.

அறுவடை முடிந்ததும், எலி வளைகளில் நெல் தேடி ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். செம்பாயியின் வாசலில் இரண்டு வெட்டு வெட்டிய ஆள், "ஒரு மணி இல்லடா, பஞ்சப் பரதேசி எலி" என்று நகர்ந்தான். உயிர் தப்பியதைவிட அந்தச் சொல்தான் அவளுக்கு உறைத்தது. நல்லம்மாவின் வளையிலோ ஒரு கூடை நெல் அள்ளினார்கள். வளையே மிஞ்சவில்லை.

"எல்லாம் போச்சுடி. தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்று வந்து நின்றாள் நல்லம்மா.

தவணைக்கென்று வளையின் ஆழத்தில் ஒளித்து வைத்திருந்த இரண்டு கதிரை எடுத்துக் கொடுத்து, செம்பாயி உண்மையாகவே அழுதாள். பிறகு, நல்லம்மா வரப்பில் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொடுத்துவச்சவ" என்று முணுமுணுத்தாள். "தவணை இல்லாதவ நடையைப் பாரேன்!"