கிணற்றுக்குள் ஓடும் இன்ஜின்

அம்மா ஒன்பது தட்டுகளில் கேழ்வரகுக் கூழ் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். யார் யாரோ எங்கெங்கோ விட்டுப்போன ஒன்பது பேரையும் எடுத்து வளர்க்கிற வீடு இது. செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்றங்கரையில் ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலை. சித்திரையில் தண்ணீர் கீழே போய்விட்டதால் ஆயில் இன்ஜினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் இறக்கி ஓட்டுகிறோம். அதை நிறுத்த அப்பா படியில் கால் வைக்கிறார். “புகை மேல வராம உள்ளயே நின்னுக்கினு இருக்குதுங்க,” என்கிறாள் அம்மா. “நிறுத்திட்டா தானா போயிடும்மா. நீ மொதல்ல என் பங்க மறைச்சு வை. இதுங்க சட்டியையே தின்னுடும்.” எங்களில் மூத்தவன் ஜோசுவா, “மூடியையும் வுடமாட்டோம்பா,” என்கிறான். சிரிக்கிறோம். அப்பாவின் தலைத்துண்டு விளிம்புக்குக் கீழே இறங்கி மறைகிறது. வாய்க்காலில் தண்ணீர் வெயிலில் மினுங்கிக்கொண்டு போகிறது. கடைசித் தட்டும் காலியாகிறது. இன்ஜின் நிற்கவில்லை. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுக்கிறாள். “அப்பா!” என்று கத்திக்கொண்டு படியில் கால் வைத்த ஜோசுவாவைச் சட்டையைப் பிடித்து இழுத்து, மண்ணில் தள்ளி, அவன்மேலேயே உட்கார்ந்துகொள்கிறாள். “ஒருத்தரும் எறங்கக் கூடாது!” அவள் குரல் எங்களுக்கு அதுவரை தெரியாத குரலாக இருக்கிறது. டீசல் தீர்ந்து இன்ஜின் தானாக அடங்கிய பிறகுதான் தீயணைப்புக்காரர்கள் அப்பாவின் உடலை மேலே கொண்டுவருகிறார்கள். இன்று நாங்கள் ஒன்பது பேரும் ஒன்பது ஊர்களில் இருக்கிறோம். ஒவ்வொருவர் பெயருக்கும் முன்னால் அப்பா சவரிமுத்துவின் ‘ச’ அப்படியே இருக்கிறது.