முரசுக்காரன் கண்

“உங்க வைத்தியம் பலிக்கலைம்மா!” வைத்தியச்சி நியாகோந்த்வேயின் முற்றத்தில் முரசை டொம்மென்று வைத்தான் சுஸ்கோ. “என் பொண்டாட்டி வெசி ரெண்டு வருஷமா இங்க வந்து நோய் தீர விம்புசா ஆட்டம் ஆடுறா. முரசடிச்சு என் விரல் வெடிச்சதுதான் மிச்சம். அவளைப் பிடிச்ச ஆவி அடங்கின பாடில்லை.”

“அதுக்கு?”

“நேத்து ரும்பிக்கு பஸ் ஏத்தி அவ அப்பன் வீட்டுக்கே அனுப்பிட்டேன். சீக்காளியை வச்சுக்கிட்டு எத்தனை நாள் குடும்பம் நடத்துறது?”

“அடப்பாவி! போன சோள அறுவடையிலேயே அவளுக்குக் குணமாயிடுச்சேடா.”

“அப்புறம் எதுக்கு வாராவாரம் ஆடினா?”

“நானும் அவகிட்ட இதைக் கேட்டேன். ஆடுறவ காலையும் முகத்தையும் பார்த்துத்தானே முரசுக்காரன் நீ அடிக்கணும்? ‘வீட்டுல அவர் என்னை ஏறெடுத்தும் பாக்குறதில்லைம்மா. இங்கதான் கண்ணெடுக்காம பாக்குறாரு. அவர்கிட்ட சொல்லிடாதீங்க’ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா.”

சுஸ்கோ முரசின் மேல் அப்படியே உட்கார்ந்தான்.

“பஸ் ஏறும்போது அழுதாளாடா?”

நினைத்து நினைத்துப் பார்த்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.