ஒட்டிய உறை

"ரெண்டு சீட்டையும் நானே நிரப்பிடறேன், நீ கையெழுத்து மட்டும் போடு" என்றார் தேவராஜ். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தபின் முதல் தேர்தல். வாக்குச்சீட்டுகள் தபாலில் வந்திருந்தன. சுலோச்சனா தன்னுடையதோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள்.

"உள்ள என்ன பண்ற?"

"ஓட்டுப் போடறேங்க."

வெளியே வந்தவளிடமிருந்து ஒட்டிய உறையை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையே."

"உள்ள இன்னொரு கவர் இருக்கு. உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான்." வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இத்தன வருஷம் ஒண்ணா இருந்தும் நம்பிக்கை இல்லையா?"

"இருந்ததாலதான்."

"சரி, குடு. ரெண்டையும் நானே பெட்டில போட்டுட்டு வர்றேன்."

"உங்களத எங்கிட்ட குடுங்க, நான் போடறேன்."

அவர் கொடுக்கவில்லை. வெளியே மழை. அவரவர் உறையை அவரவர் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, இருவரும் ஒரே குடைக்குள் தபால்பெட்டியை நோக்கி நடந்தார்கள்.