ஏழாம் மேசை

பலகையில் வரைந்த ஆறு பட்டைகள் அடியிலேயே அடங்கிக் கிடந்தன. ஏழாவது பட்டை மட்டும் மேல் விளிம்பைத் தொட்டது.

"இது எந்த மேசை?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

எல்லோரும் ஏழாம் மேசை அக்காவைத் திரும்பிப் பார்த்தோம்.

அடுப்புக்கு கேஸ் போகும் ரப்பர் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது எங்கள் ஏழு பேரின் வேலை. தரச் சோதனை முறைகளைக் கற்றுக்கொடுக்க அந்தப் பயிற்சியாளரை வெளியிலிருந்து வரவழைத்திருந்தார்கள். நல்ல மனுஷன். சதவீதம் போட வராதவர்களைக்கூடச் சிரிக்க வைத்துப் போட வைத்தார்.

போன மாதம் ஒவ்வொரு மேசையும் கழித்துப்போட்ட குழாய்களை எண்ணிப் பட்டையாக வரையச் சொன்னார். எங்களுக்கு ஒன்பது, பத்து. அக்காவுக்கு நூற்றுப் பதினாறு.

"ஆளைக் குத்தம் சொல்ல வேணாம். காரணத்தைத் தேடுவோம்" என்றபடி மீன்முள் போல ஒரு படம் போட்டார்.

முள்ளுக்கு ஒரு காரணமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். மெஷின்? எல்லோருக்கும் ஒன்றுதான். ரப்பர்? அதுவும் ஒன்றுதான். வெளிச்சமா? ஒரே கூரை, ஒரே விளக்கு வரிசை.

மிஞ்சியது சோதிக்கும் முறை.

அக்காவை முன்னால் அழைத்துக் குழாய் ஒன்றைக் கொடுத்தார். அக்கா அதை இரு முனைகளும் ஒட்டும்வரை மடித்தாள். மடிப்பின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். திருப்பிப் போட்டு மறுபடியும் மடித்தாள்.

"இந்தப் பாடு படுத்தினா நல்ல குழாயும் வெடிக்காம என்ன செய்யும் சார்?" என்றார் கதவருகே நின்ற சூப்பர்வைசர்.

"நல்ல குழாய் வெடிக்காது" என்றாள் அக்கா.

பயிற்சியாளர் எங்கள் பக்கம் திரும்பினார். ஆறாம் மேசை நான்தான். "நீங்க எப்படிம்மா பண்றீங்க?"

குழாயை வாங்கினேன். பதினொரு வருடமாக அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. என் பிரசவத்தின்போது என்னைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் அவள்தான்.

லேசாக, வில் போல வளைத்துக் காட்டினேன்.

எனக்கு அடுத்தவளும் அப்படியே காட்டினாள். அவளுக்கு அடுத்தவளும். ஆறு பேரும்.

'தேவைக்கு மேல் மடிக்கிறார்' என்று அந்த முள்ளில் எழுதினார் பயிற்சியாளர். காரணம் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பலகையைப் பார்த்தேன்.

மறுநாளே அவளை அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது. "எங்க இருந்தா என்ன, வேலைதானே" என்று சொன்னாள். அதன்பிறகு என்னோடு உட்கார்ந்து சாப்பிட அவள் வரவில்லை.

அடுத்த மாதம் எல்லாப் பட்டைகளும் ஒரே உயரத்தில் நின்றன. எங்கள் ஆறு பேருக்கும் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் எல்லோருக்குமே முழுசாக மடித்துப் பார்க்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆர்டர் கூடியதும், மாதம் பத்துக்கு மேல் கழிக்கக் கூடாது என்றார் சூப்பர்வைசர். நாங்கள் மடிப்பதை விட்டோம். அக்கா விடவில்லை. இதைப் பயிற்சியாளரிடம் எங்களில் ஒருத்தியும் சொல்லவில்லை.

எங்கள் ஆறு பேர் வீட்டிலும் அடுப்புக்கு மாட்டியிருப்பது ஏழாம் மேசையில் தேறிய குழாய்தான். அக்காவிடம் கெஞ்சிக் கேட்டு, ஆளுக்கொன்றாக மடித்துப் பார்க்கச் சொல்லி முன்பே வாங்கிப்போயிருந்தோம்.